கபடிக் குழுவில் என் நட்சத்திரக் குறிகள்

ஆசிரியப் பணியிலிருந்து அரசு எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. பிழை திருத்தும் பணியிலிருந்து ஓய்வு கொடுக்கத்தான் யாரும் இல்லை. கடைப் பலகை, திருமண அழைப்பிதழ், பேருந்தின் முதுகு என்று எங்கே எழுத்தைக் கண்டாலும் விரல்கள் சிவப்புப் பேனாவைத் தேடுகிற இனம் ஒன்று உண்டு. வாசகர்களே, நீங்களும் அந்த இனமாக இருந்தால் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும். இல்லையென்றால், எங்களால் நீங்கள் பட்ட பாட்டுக்குக் காரணமாவது புரியும்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவள். பள்ளியின் பெண்கள் கபடி அணிக்குத் துணையாசிரியையாக ஊர் ஊராகப் போனவள். அதனால் காட்டூர்ப் பெண்கள் கபடி அணிக்கு ரசிகர்கள் வாட்ஸ்அப் குழு தொடங்கியபோது, ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருந்த என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். குழுவின் நிர்வாகி நடராஜன், காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் வியாபாரி. போட்டி அறிவிப்புகளைப் பிழையில்லாமல் எழுதித் தரவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. நான் கேட்காமலே கொடுத்தது வேறு. யாராவது ஒரு சொல்லைப் பிழையாக எழுதினால், ஒரு நட்சத்திரக் குறியிட்டுச் சரியான சொல்லை அதன் பக்கத்தில் எழுதி உடனே அனுப்புவேன். இணையத்தில் அதுதான் நாகரிகமான முறை என்று எங்கோ படித்திருந்தேன்.

பதினான்கு அறைகள்

மாவட்டப் போட்டியில் எங்கள் அணி அரையிறுதிக்கு வந்த அன்று பதினேழு பேர் மகிழ்ச்சியைப் பகிர்ந்தார்கள். அவர்களில் பதினான்கு பேர் 'அறையிறுதி' என்று எழுதியிருந்தார்கள். வீட்டில் இருப்பதும் கன்னத்தில் விழுவதும் 'அறை' என்றும், பாதியைக் குறிப்பது 'அரை' என்றும் விளக்கி, பதினான்கு பேருக்கும் தனித்தனியே நட்சத்திரக் குறி அனுப்பினேன். அதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. அதற்குள் வெற்றியின் சூடு தணிந்து, குழுவே அடங்கிப்போயிருந்தது.

சமயபுரத்தில் மாலைக் கடை வைத்திருக்கும் ஓர் உறுப்பினர் மட்டும் பதில் போட்டார்: "டீச்சர், இனிமே செமிஸ்னு போட்டுடுறோம். உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

ஆழ்ந்த வாழ்த்துகள்

அந்த அரையிறுதியில் தோற்றோம். 'பழம் வாய்ந்த எதிரணி'யிடம் தோற்றதாக ஒருவர் எழுதினார். எதிரணியின் கையில் பழம் எதுவும் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினேன். இன்னொருவர், படுதோல்வி என்ற சொல் இருக்கும்போது படுவெற்றி என்று ஏன் சொல்லக்கூடாது என்று வாதாடினார். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். தோற்ற பெண்களுக்கு 'ஆழ்ந்த வாழ்த்துகள்' என்று மாலைக் கடைக்காரர் எழுதியதைப் பொறுக்க முடியவில்லை. ஆழ்ந்தது இரங்கல், வாழ்த்து மனமார்ந்ததாக இருக்கவேண்டும் என்று எழுதினேன்.

"தோத்த புள்ளைங்களுக்கு மேலாப்புல வாழ்த்துனா பத்துமாங்க டீச்சர்? கொஞ்சம் ஆழமாத்தான் வாழ்த்தணும்."

துப்புரவான குழு

நான்கைந்து மாதங்களில் என் உழைப்புக்குப் பலன் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குழுவில் ஒரு பிழைகூட வரவில்லை. அன்று நிறைவோடு உறங்கினேன். ஒரு செய்தியும் வரவில்லை என்பதை மறுநாள் காலையில்தான் கவனித்தேன். சிலர் கட்டைவிரல் படத்தை மட்டும் போட்டிருந்தார்கள். கட்டைவிரலில் பிழை காண முடியாதல்லவா?

நடராஜன் தொலைபேசியில் அழைத்தார். மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே தயங்கித் தயங்கித்தான் பேசினார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. ஜனங்க கை தட்டத்தான் குரூப்புக்கு வந்திருக்காங்க. பரீட்சை எழுத வரலைங்க."

கப்பலுக்குப் போகும் எழுத்து

எல்லாரும் அடங்கிய பிறகும் ஒருவர் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பெயர் செல்வராஜ். துவாக்குடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். எங்கள் அணியில் 'கபடி கபடி' என்று பாடிச் செல்லும் ஆட்டக்காரிகளில் முதன்மையானவளான பவித்ராவுக்குச் சித்தப்பா. பவித்ராவின் தந்தை பாண்டியன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். நடுக்கடலில் காணொளி ஓடாது, குரல்பதிவு இறங்காது. எழுத்து மட்டும் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு போட்டியின்போதும் செல்வராஜ் மைதானத்தில் நின்றபடி, அண்ணன் மகளின் ஆட்டத்தை வரி வரியாகக் குழுவில் எழுதுவார். 'பாப்பா போரா.' 'கோட்ட தான்டிட்டா.' 'மூனு பேரு சுத்திட்டாளுக.' 'அண்ணே தொட்டுட்டா அண்ணே.' 'ரெண்டு ரெண்டு ரெண்டு.' கப்பல் அடுப்படியிலிருந்து பாண்டியனும் குழுவிலேயே இடையிடையே கேட்பார்: 'திரும்பிட்டாளாடா?'

ஓர் ஆட்டத்தில் இப்படி ஒன்பது பிழைகளைத் திருத்தினேன். அன்று மாலை செல்வராஜ் எனக்குத் தனியாக எழுதினார்: "டீச்சர் நா எட்டாவதுதான். மண்ணிச்சுகங்க. அண்ணனுக்கு புரிஞ்சா போதும்னு நெனச்சிட்டேன்." அதிலும் ஒரு சொல்லுக்கு நட்சத்திரக் குறியிட்டு அனுப்பினேன். எந்தச் சொல் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

"சரிங்க டீச்சர்" என்று பதில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

அதற்கடுத்த போட்டி காட்டூர் மைதானத்தில் நடந்தது. நான் வீட்டிலிருந்தே தொலைபேசியில் தொடர்ந்துகொண்டிருந்தேன். செல்வராஜின் வரிகள் மிகவும் குறைந்துவிட்டன. 'பவித்ரா நன்றாக விளையாடுகிறார்' என்று ஒரு வரி வந்தது. பிழை இல்லை, மகிழ்ந்தேன். பத்து நிமிடம் கழித்து அதே வரி மீண்டும் வந்தது. பிழையில்லாத ஒரு வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்ப அனுப்புகிறார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

பிறகு இன்னொரு வரி வந்தது: 'பாப்பா விலுந்துட்டா.'

நான் உடனே அனுப்பினேன்: '*விழுந்துவிட்டாள்.'

அனுப்பிவிட்டுக் காப்பி குடித்த டம்ளரைக் கழுவப் போனேன். குழாயடியில் நின்றபோதுதான் அந்த வரிக்குப் பொருள் என்று ஒன்று உண்டு என்பது உறைத்தது. ஈரக் கையோடு ஓடிவந்து 'என்ன ஆயிற்று?' என்று கேட்டேன். செல்வராஜ் தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவளைத் தூக்கப் போயிருந்தார். என் செய்திகள் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தன என்று பார்த்தேன். நட்சத்திரக் குறியைப் பாண்டியன் படித்திருந்தார். கேள்வி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. இரண்டுக்கும் நடுவே கப்பலில் தொடர்பு அறுந்திருந்தது.

மாலையில் நடராஜன் அழைத்தார். "முட்டி திரும்பிடுச்சுங்க டீச்சர். ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு கட்டுப் போட்டிருக்காங்க. புள்ள தெளிவாத்தான் இருக்கா. பாண்டியனுக்குத்தான் தகவல் அனுப்பிக்கிட்டே இருக்கோம், போய்ச் சேரமாட்டேங்குது."

நான்கு நாட்கள்

நான்கு நாட்கள் கப்பலிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நான் கணத்துக்கொருமுறை தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். அந்த நாட்களில் குழுவில் வந்த பிழைகள் எவை என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் காலை பாண்டியனுக்குத் தொடர்பு கிடைத்தது. முதலில் வீட்டாரோடு பேசியிருக்கிறார். பிறகு எனக்கு எழுதினார். கோபமாக எழுதியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "டீச்சர், நாலு நாளா என் போன்ல கடைசியா இருந்தது ரெண்டு வரிதான். ஒண்ணு தம்பி எழுதுனது, இன்னொண்ணு நீங்க எழுதுனது. சமையல் வேலைக்கு நடுவுல ரெண்டையும் மாத்தி மாத்திப் படிச்சேன். பாப்பா எந்திரிச்சாளான்னு ரெண்டுலயும் இல்லைங்க."

பிழையற்ற வர்ணனை

பவித்ரா மீண்டும் களமிறங்க ஏழு மாதங்கள் ஆயின. செல்வராஜ் மைதானத்துக்கு வந்தார், ஆனால் எழுதவில்லை. ஆட்டம் முடிந்ததும் புள்ளிக் கணக்கை மட்டும் அனுப்பினார். எண்களில் எழுத்துப்பிழை வராது. மகள் எழுந்து நடந்து, ஓடி, மறுபடியும் பாடிச் செல்லும் நாளுக்காகக் கடலில் காத்திருந்த மனிதருக்கு இருபத்தெட்டு, முப்பத்தொன்று என்று இரண்டு எண்கள் போய்ச் சேர்ந்தன.

என்னால் வந்த குறையை நானே தீர்க்கவேண்டும் என்று முடிவுசெய்தேன். அடுத்த போட்டிக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மைதானத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். 'பவித்ரா பாடிச் செல்கிறாள். எதிரணியின் இடப்புறக் காவல் ஆட்டக்காரியைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டைக் கடந்து பாதுகாப்பாக மீள்கிறாள்' என்று எழுதி, ஒற்றெழுத்துகளைச் சரிபார்த்து, முற்றுப்புள்ளி வைத்து நிமிர்ந்தேன். அதற்குள் அவள் இன்னொரு முறை போய், பிடிபட்டு, வெளியே உட்கார்ந்திருந்தாள். எப்படிப் பிடிபட்டாள் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பாண்டியன் மரியாதையான மனிதர். ஆட்டம் முடியும்வரை பொறுத்திருந்து எழுதினார்: "ரொம்ப நன்றிங்க டீச்சர். ஒரு தப்பும் இல்லை, செய்தி வாசிக்கிற மாதிரியே இருந்துச்சு. பாப்பாதான் தெரியலைங்க."

பட்டறையில்

மறுநாள் சத்திரம் பேருந்து நிலையத்தில் துவாக்குடிப் பேருந்து ஏறினேன். செல்வராஜ் என்னைப் பட்டறை வாசலில் கண்டதும் லேத்தை நிறுத்திவிட்டு, கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். நாற்பது வயதைத் தாண்டியவர் என் வகுப்பில் நிற்பதுபோல் நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வரவழைத்தார்.

மன்னிப்புக் கேட்டேன். இனி ஒரு சொல்லையும் திருத்தமாட்டேன், பழையபடி எழுதுங்கள் என்றேன்.

"நீங்க திருத்துனதுல தப்பே இல்லைங்க டீச்சர். தப்பா எழுதுனது நான்தானே?" என்றார். கொஞ்ச நேரம் இரும்புச் சுருள்களைக் காலால் ஒதுக்கினார். "எழுதத்தான் பாக்குறேன். போனை எடுத்தா நீங்க பக்கத்துல நின்னு பாக்குற மாதிரியே இருக்குங்க. 'போறா'வுக்கு எந்த ர-ன்னு யோசிக்கிறதுக்குள்ள அவ போயிட்டுத் திரும்பி வந்துடுறா. அண்ணன் அங்கேர்ந்து என்னடா ஆச்சு, என்னடா ஆச்சுங்குது. கை வரமாட்டேங்குது."

"நான் குழுவில் இல்லாமல் போனால்?" என்று கேட்டேன்.

அவர் 'ஆமாம்' என்று சொல்லவில்லை. 'ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அதையும் சொல்லவில்லை. டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"டீ ஆறிடும். குடிங்க டீச்சர்."

மூன்றாம் வரிசை

திரும்பும் பேருந்திலேயே குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். யாரும் காரணம் கேட்கவில்லை. நடராஜன் மட்டும் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினார். பிறகு அது தவறான படம் என்று நினைத்தாரோ என்னவோ, அதை நீக்கிவிட்டு இரண்டு கூப்பிய கைகளை அனுப்பினார்.

அடுத்த இரண்டு ஞாயிறுகளும் நான் மைதானத்துக்குப் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு போய், செல்வராஜ் பார்க்காதபடி அவருக்கு மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்தேன். தொலைபேசி அவர் நெஞ்சுக்கு நேரே இருந்தது. கண் ஆட்டத்தைவிட்டு அகலவில்லை. விரல் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. முட்டியில் பட்டை கட்டிய பவித்ரா பாடிச் சென்றாள். இருவர் காலைப் பிடித்து இழுக்க, விழுந்தாள். செல்வராஜின் விரல் நிற்கவில்லை. விழுந்தபடியே கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டு எழுந்து நின்றாள். அவர் அதையும் எழுதினார். என்ன எழுதினார், எந்த எழுத்தில் எழுதினார் என்று நான் அறிய வழியில்லை. அண்ணன் என்ன பதில் போட்டாரோ, செல்வராஜ் தனியாகச் சிரித்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது நடராஜன் என்னைப் பார்த்துவிட்டார். குழு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "கன்னாபின்னான்னு எழுதுறாங்க டீச்சர். நீங்க பாத்தா தாங்கமாட்டீங்க. முந்நூறு மெசேஜ் வருது."

நான் இல்லாத வகுப்பு நன்றாகவே நடக்கிறது.