நாங்கள் போகாத அறைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு விஷயத்தில் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது. கள்ளிக்குப்பத்தில் நான் வளர்ந்த தெருவில் மந்திரித்த கயிறு கட்டாத ஒரே பையன் நான்தான், அதற்காக அம்மாவிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. பார்க்கிற வேலையும் சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஏதோ ஒன்று தானாக நடந்தது என்று எவனாவது வந்து நின்றால், தானாக எதுவும் நடக்காது தம்பி, போய் நன்றாகப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பத்தான் எனக்குச் சம்பளமே. அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, வீடியோ கேம். சுடுவது, கார் ஓட்டுவது எல்லாம் இல்லை. ஒரு சின்ன உருவத்தைக் கூட்டிக்கொண்டு குகை, கோட்டை, பாழடைந்த ஊர் என்று தாவித் தாவித் தேடிக்கொண்டே போக வேண்டும், போகப் போக நாம் நுழைந்த அறைகள் மட்டும் வரைபடத்தில் நீலமாகும், மற்றதெல்லாம் கறுப்பாகக் கிடக்கும், அந்த வகை. அதிலும் யாருக்கும் தெரியாத ஆட்டமாக இருக்க வேண்டும். மூழ்கிப்போன கோயிலுக்குள் மூச்சடக்கி நீந்துகிற ஒன்று, மலை மாதிரி ஒரு கடிகாரத்துக்குள் கடிதம் கொண்டுபோகும் தபால்காரன் ஒன்று, இப்படி நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தவை நிறைய. நான் ஆடும் ஆட்டத்தை இன்னொருத்தன் புகழ்ந்து எழுதினால் எனக்கு வயிறு எரியும். நம்பினால் நம்புங்கள், கூட்டம் சேரக்கூடாது என்பதற்காக இணையத்தில் நானே போய் 'மகா மொக்கை, வாங்காதீர்கள்' என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவ்வளவு பொறாமை பிடித்தவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

கல்யாணமாகி பருத்திப்பட்டு ஏரிக்கு எதிரே வாடகைக்கு வந்த புதிதில் எனக்கும் நித்யாவுக்கும் பேச விஷயமே இல்லை. பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம். திருநின்றவூர்ப் பெண். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், அதோடு சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் 'டஸ்க்வெல்' ஆடிக்கொண்டிருந்தேன். கையில் லாந்தர் பிடித்த ஒரு பொடியன் கிணற்றுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் ஊரைத் தேடுகிற ஆட்டம் அது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "ஏங்க, அந்தச் செவுத்துல விரிசல் மாதிரி இருக்கு பாருங்க, தட்டுங்க" என்றாள். தட்டினேன், சுவர் திறந்துகொண்டது. அந்தச் சுவரை அதற்கு முன் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். எரிச்சலாகவும் இருந்தது, அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

அன்றிலிருந்து அது எங்கள் இரண்டு பேருடைய ஆட்டமாகிவிட்டது. வீட்டில் ஒரே சட்டம், செத்தால் கை மாறும். பொடியன் என் கையில் செத்தால் கன்ட்ரோலர் அவளுக்கு, அவள் கையில் செத்தால் எனக்கு. அவள் அம்மா எதிரில் என்னை 'ஏங்க' என்பாள், கன்ட்ரோலர் கைக்கு வந்துவிட்டால் 'நீ', கொஞ்சம் சூடேறினால் 'டேய்'. எங்கள் குடும்ப வாழ்க்கை ஆரம்பித்தது அந்தக் கிணற்றுக்குள்தான் என்று சொன்னால் மிகையில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பினோம். வண்டியில் ஏறப்போகும்போது, கை நிறைய வளையலோடு என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள்.

"நான் வர்ற வரைக்கும் பொடியனத் தொடக்கூடாது. நீ மட்டும் தனியா எதையாவது கண்டுபுடிச்சு வெச்ச, அவ்ளோதான்."

சத்தியமாகத் தொடவில்லை. வேறு எதையாவது ஆடிக்கொண்டு நாளைத் தள்ளினேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் ஞாபகம் அதிகமாகி, வரைபடத்தையாவது பார்க்கலாமே என்று திறந்தேன். நாங்கள் நின்ற இடம் தண்ணீர்க் கோபுரம். வழுக்குச் சுவரில் தாவித் தாவி ஏற வேண்டும், மாதக்கணக்கில் இரண்டு பேரும் அங்கேதான் விழுந்துகொண்டிருந்தோம். இப்போது அந்தக் கோபுரத்துக்கு மேலே புதிதாக அறைகள் நீலமாகியிருந்தன.

நான் முதலில் பயப்படவில்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு உடனே புரிந்துபோன மாதிரி இருந்தது. எங்கள் கணக்கின் பாஸ்வேர்டு நித்யாவுக்குத் தெரியும். வேறொரு லேப்டாப்பில் ஏற்றினால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம், ஆடியது இங்கேயும் வந்து சேர்ந்துவிடும். ஆனால் அந்தக் கோபுரத்தை அவள் தனியாக ஏறியிருக்க முடியாது. அப்படியானால் பக்கத்தில் யார்? சரவணன். அவளுடைய மாமா பையன், முறைப்பையன், பக்கத்து வீடு. அவனுக்குத்தான் நித்யாவைக் கொடுப்பதாக முதலில் பேச்சு, ஜாதகம் ஒத்துவராமல் போனதால் நான் வந்தேன். மாங்காய் வேண்டுமா, டாக்டரிடம் போக ஆட்டோ வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவன்தான் என்று மாமியார் போனில் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் நான் 'நல்ல பையன்' என்று சொல்லிப் பல்லைக் கடித்துக்கொள்வேன். என் ஆட்டத்தில், என் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஏறாத கோபுரத்தில் அவன் ஏறுகிறானா?

ஆவடிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து, அங்கிருந்து ரயில் ஏறி திருநின்றவூர் போனேன். நித்யா சாய்வு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து சரவணன் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். எனக்கு அது போதும். எடுத்த எடுப்பிலேயே கத்திவிட்டேன்.

"இன்னாண்ணே சொல்ற, எனக்கு அந்த பட்டன்லாம் இன்னாத்துக்குனே தெரியாது" என்றான் சரவணன். "நான் வெல்டிங் கம்பெனிக்குப் போய்க்கினு வந்துகினு கீறேன், எங்கண்ணே இதுக்கெல்லாம் நேரம்?"

அவன் முகத்தில் பொய் இல்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன், அதில் ஆட்டம் இல்லை, அதை ஏற்றக்கூட இடம் இல்லை. நித்யா நாற்காலியிலிருந்தே மெதுவாகச் சொன்னாள்.

"நீ கேக்கறது கேமைப் பத்தி இல்லன்னு எனக்குத் தெரியும். போ. என்னை நம்புறன்னு தோணும்போது வா. அதுவரைக்கும் பிரசவமே ஆனாலும் இந்தப் பக்கம் வராத."

என் முதல் குழந்தை. பிறக்கும்போது வாசலில்கூட நிற்க முடியாது என்றாகிவிட்டது. மாமியார் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார், நிற்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், வெளியிலிருந்து எதுவும் வந்து சேராதபடி இன்டர்நெட் வயரைப் பிடுங்கிப் போட்டேன். ஆட்டம் எப்போதெல்லாம் சேமிக்கப்பட்டது என்று நேரங்களைப் பார்த்தேன். எல்லாம் வேலைநாள் மத்தியானங்கள், நான் அம்பத்தூரில் ஆபீஸில் இருக்கும் நேரம். அப்படியென்றால் யாரோ பூட்டைத் திறந்து உள்ளே வந்து ஆடுகிறார்கள். இன்னொரு சாவி இருப்பது கீழ்வீட்டு ஓனரம்மாவிடம் மட்டும்தான். ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட காலத்திலிருந்து இங்கேயே இருக்கும் குடும்பம். போய்க் கேட்டேன்.

"உன் ஊட்டாண்ட யாரு நைனா வரப்போறா? சாவி எங்கூட்டு சாமி படத்தாண்டதான் தொங்கிக்கினு கீது. ஆனா மத்தியானத்துல உன் டிவி சத்தம் கேக்குதே, டொங்கு டொங்குனு? நீதான் லீவு போட்டுக்கினு ஊட்ல கீறனு நெனச்சேன்."

அப்போதுதான் கொஞ்சம் பயம் எட்டிப் பார்த்தது. அப்படியும் நான் விடவில்லை. மறுநாள் ஞாயிறு. காலையிலேயே ஆட்டத்தைத் திறந்து வைத்து, கன்ட்ரோலரிலிருந்து பேட்டரியை உருவி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டிவிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். கதவு உள்பக்கம் தாழ். ஜன்னல் வழியாக ஏரிக்காற்று வருகிறது, கீழே யாரோ கறிக்குழம்பு தாளிக்கிறார்கள், நல்ல வெயில். பயப்படுவதற்கு ஏற்ற சூழ்நிலையே இல்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியது. கண் லேசாகச் செருகியபோது டொங்கு என்று ஒரு சத்தம்.

பொடியன் நடந்துகொண்டிருந்தான்.

கன்ட்ரோலர் சோபாவில் கிடக்கிறது, பேட்டரி என் பையில் இருக்கிறது, தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவன் லாந்தரைத் தூக்கிக்கொண்டு கோபுரத்தின் கீழ்வாசலுக்கு வந்து ஏற ஆரம்பித்தான். நான் ஆடுகிற மாதிரி இல்லை, நான் ஒவ்வொரு சுவரையும் தட்டிக்கொண்டே போகிறவன். நித்யா மாதிரியும் இல்லை, அவள் நின்று யோசிப்பாள். இது ஏதோ பழகிய வீட்டுப் படியில் ஏறுகிற மாதிரி விறுவிறுவென்று போனது. பாதிக்கு மேலே ஒரு திட்டு வரும், அங்கே மட்டும் தேவைக்கு முன்னாலேயே குதித்து விழுந்தான். மறுபடி ஏறினான். மறுபடி அதே திட்டில் அவசரப்பட்டு விழுந்தான்.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான், இதை நித்யா பார்க்க வேண்டும். வீடியோ காலில் கூப்பிட்டேன். எடுக்கமாட்டாள் என்று நினைத்தேன், சரவணன் எடுத்தான், அவள் படுத்திருக்கிறாள் என்றான். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவன் போனை அவள் முகத்துக்கு எதிரே பிடித்தான், நான் என் போனை டிவி பக்கம் திருப்பினேன், பையிலிருந்த பேட்டரியையும் எடுத்துக் காட்டினேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தலையணையிலிருந்து கொஞ்சம் எழுந்து உற்றுப் பார்த்தாள். பொடியன் மறுபடி அந்தத் திட்டுக்கு வந்தான், மறுபடி முன்னாலேயே குதித்தான், விழுந்தான். நித்யாவின் முகம் மலர்ந்தது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"அவன் இன்னும் அதே எடத்துல அவசரப்படுறான் பாரு" என்றாள்.

"யாரு நித்யா?" என்று கேட்டது நான் இல்லை, சரவணன்.

"யாரு யாரு?" என்றாள் அவள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்று அன்றைக்கும் சாதித்தாள், இன்றைக்கும் சாதிக்கிறாள். சரவணனைக் கேளுங்கள், அவனும் காதால் கேட்டான். அதற்குள் திரையில் பொடியன் ஒருவழியாக அந்தத் திட்டைத் தாண்டி, மேலே உள்ள அறைக்குப் போய், விளக்குக் கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அசையவில்லை.

"உன்னை நம்புறேன்" என்று போனில் சொன்னேன். சாயங்காலமே திருநின்றவூர் போய்விட்டேன். பிரசவத்துக்கும் கூட இருந்தேன். பெண் குழந்தை, இப்போது நடக்கிறாள், கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறாள். சரவணனும் நானும் இன்று நல்ல சிநேகிதர்கள், சொன்னால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவன்மேல் பொறாமைப்பட்ட நாட்களில் எனக்கு வெறுப்பதற்கு ஒரு முகமாவது இருந்தது.

நித்யா திரும்பி வந்தபிறகு அந்த ஆட்டத்தைத் தொடவில்லை. ஆடலாமா என்று கேட்டால், "புள்ளையை வெச்சுக்கிட்டு நேரம் எங்க இருக்கு" என்கிறாள். நியாயம்தான். நான் மட்டும் அவ்வப்போது வரைபடத்தைத் திறந்து பார்க்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு புதிதாக ஓர் அறைகூடக் கூடவில்லை, பொடியன் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறான். கீழ்வீட்டு அம்மாவுக்கும் சத்தம் எதுவும் கேட்பதில்லையாம். அதோடு போய்விட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன வாரம் விடுமுறை நாள் ஒன்றில், மத்தியானம் குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. நித்யாவும் கட்டிலில் அசந்து தூங்கிவிட்டாள், அவளுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் சுவர். அவள் விரல்கள் அசைவதைப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரலும் விட்டு விட்டு அழுத்துகின்றன, பட்டனை அழுத்துவதுபோல. சட்டென்று நின்றன. தூக்கத்திலேயே 'ச்சே' என்று உதட்டைச் சுழித்தாள், பிறகு இரண்டு கையையும் சேர்த்து, எதையோ கொடுப்பதுபோலச் சுவர்ப்பக்கம் நீட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே வெறும் கையோடு கிடந்தாள், முகத்தில் ஒரு சிரிப்பு. பிறகு அந்தப் பக்கமிருந்து வாங்கிக்கொண்டு மறுபடி அழுத்த ஆரம்பித்தாள்.

இப்போது தினமும் அவள் தூங்கும்போது கவனிக்கிறேன். எழுப்பிக் கேட்க மனம் வரவில்லை. அந்தக் கை ஒருமுறைகூட என் பக்கம் நீண்டதில்லை.