ஹீட்டரை அணைத்தால்

இன்ஜினைக் குளிப்பாட்டுவது அவள் வேலை. ஹெலிகாப்டரின் முதுகில் தொற்றிக்கொண்டு, காற்று நுழையும் வாயில் சுத்தமான தண்ணீரைப் பீய்ச்சுவாள். தகடுகளில் அப்பிக் கிடக்கும் தூசியெல்லாம் கலங்கலாக வழியும். இண்டு இடுக்கில் நுழைகிற ஒல்லிக் கை என்பதால் பட்டறையில் அவளுக்கு எலி என்று பெயர். பெயர் வைத்தவன் கூடப்பிறந்த அண்ணன். அந்த ஹெலிகாப்டரை ஓட்டுகிறவனும் அவன்தான்.

அவன் மலை உச்சிக்குப் போகிற நாளெல்லாம் அவளுக்குப் பயம்தான். கீழே எந்த இன்ஜினும் நல்ல பிள்ளைதான். கியர்பெட்டி தாங்காது என்று இன்ஜின் பலத்தில் ஒரு பங்கை அடக்கி வைத்திருப்பார்கள். உயரப் போகப் போகக் காற்று இளைக்கும். அடக்கி வைத்ததை எடுத்துத்தான் இன்ஜின் தம் பிடிக்கும். தம் பிடிக்கப் பிடிக்கச் சூடு ஏறும். வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் கொடுக்க அதனிடம் ஒன்றும் கிடையாது. இன்ஜின் நோஞ்சானா இல்லையா என்பது மலை உச்சியில்தான் தெரியும்.

குளிப்பாட்டி முடித்து, இன்ஜினை ஓட்டிச் சோதித்தாள். பாஸ். விமானி அறை ஹீட்டரை அணைத்துவிட்டுச் சோதிப்பதுதான் விதி. ஆனால் அண்ணன் ஒருநாளும் ஹீட்டர் இல்லாமல் பறந்ததில்லையே என்று திடீரென்று உறைத்தது. ஹீட்டரைத் திருகினாள். முள் சரசரவென்று சிவப்பை நோக்கி நகர்ந்தது.

உடை மாற்றும் அறைக்கு ஓடினாள். மலை உச்சி வானிலை நிலையத்துச் சமையல்காரருக்கு உயிர்போகிற வயிற்றுவலி. அவரைக் கீழே கொண்டுவர அண்ணன் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"என்ன எலி, குளிப்பாட்டி பவுடர் போட்டாச்சா?"

"ஆச்சு. அண்ணா, மேல இறங்கும்போது ஹீட்டரை அணைச்சிடு."

"ஏன், கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு. நீ குளிர்காயறதுக்கு அது இன்ஜின்கிட்டருந்து காத்தைப் பிடுங்குது. அங்க இன்ஜினுக்கே மூச்சு வாங்கும்."

"டெஸ்ட்ல பாஸ்தானே?"

"ஹீட்டரை அணைச்சிட்டுப் பாத்தா பாஸ். போட்டுப் பாத்தேன், முள்ளு சிவப்புகிட்ட நிக்குது."

"எலிக்கு எதைப் பாத்தாலும் பூனையாத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடித்தான். வழுக்கியது. மறுபடி பிடித்தான், மறுபடி வழுக்கியது. "இது ஒரு தொல்லை. உங்க அண்ணிகிட்ட மாத்தித் தரச் சொல்லணும்."

அவள் கிட்டே போய் இழுத்தாள். வெண்ணெய் மாதிரி ஏறியது. போகிற போக்கில் அவன் விரல்களைத் தொட்டவள் அப்படியே நின்றாள். இந்தக் கதகதப்பான அறையிலேயே நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்து, மரத்துக் கிடந்தன. கொஞ்ச நாளாக அவன் டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் குடிப்பதைப் பார்த்து, என்ன இது குழந்தை மாதிரி என்று அவளே கிண்டல் செய்திருக்கிறாள்.

"எப்பலேருந்து இப்படி?"

"குளிர்ல எல்லாருக்கும் வர்றதுதான்."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா பறக்க விடுவாரா? ஹீட்டர் போட்டா சரியாயிடும். நீ வாயை வெச்சிக்கிட்டு சும்மா இரு."

ஹீட்டர் போட்டால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். அணைத்தால் இந்தக் கை.

"வேற பைலட்டை அனுப்பச் சொல்லு."

"அவன் வந்து சேர சாயங்காலம் ஆயிடும். அந்த ஆளு அதுவரைக்கும் தாங்க மாட்டாரு."

"அப்ப நானே போய் ஆபீஸ்ல சொல்லிடறேன்."

"சொல்லு. நாளையிலேருந்து நானும் உங்க அண்ணியும் வீட்ல உக்காந்து தாயம் ஆடலாம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் கையுறைகளை எடுத்தான்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. மேல ஹீட்டரை அணைச்சா, உன் கை உன் பேச்சைக் கேக்குமா?"

கையுறையின் விளிம்பைப் பல்லால் கடித்து இழுத்து மாட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் அவன் அறையை விட்டு வெளியே போனான்.