1707-இன் ஏழாவது ஸ்லைட்

சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றே முக்காலுக்கு, மகளின் பள்ளிக்கூட மண்டபத்தில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி, நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று காத்திருந்தேன். விழுங்கவில்லை. ஆஸ்திரேலிய நிலம் இப்படியான காரியங்களுக்கு ஒத்துழைப்பதில்லை.

சொல்ல வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

என் மகள் ஆரணி ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய சரித்திர ரீச்சர் ஒரு தொப்பிக்குள் துண்டுகளைப் போட்டு, ஆளுக்கொரு வருடத்தை எடுக்கச் சொல்லியிருக்கிறார். அந்த வருடத்தில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று பெற்றோருக்கு முன்னால் பத்து நிமிடம் பேச வேண்டும். அவளுடைய சிநேகிதிக்கு 1969 வந்தது - மனிதன் நிலவில் கால் வைத்த வருடம். என் பிள்ளைக்கு 1707.

ஆயிரத்து எழுநூற்று ஏழில் யாருக்கு என்ன நடந்தது? உங்களுக்குத் தெரியுமா?

"ரீச்சரிட்டச் சொல்லி மாத்தேலாதோ?" என்று கேட்டேன். ஆரணி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஆனால் தேடிப் பார்த்தால், அது ஒன்றும் சும்மா இருந்த வருடமில்லை. முகலாயப் பேரரசர் முதுமையில் கண்ணை மூட, பிள்ளைகள் ஆட்சிக்காக அடிபட்டார்கள். இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் கல்யாணம் கட்டிக்கொண்டன - இன்னும் சேர்ந்துதான் இருக்கின்றன, சந்தோஷமாக என்று சொல்ல முடியாது. ஜப்பானில் எரிமலை வெடித்து ஊரெல்லாம் சாம்பல். போரிலிருந்து திரும்பிய ஆங்கிலக் கடற்படைக் கப்பல்கள் சில, தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று பிழையாகக் கணித்து, வீட்டு வாசலிலேயே பாறையில் மோதி மூழ்கின.

தலைப்போடு சேர்த்து ஐந்து ஸ்லைட். போதும் என்று நினைத்தேன்.

"நாங்கள்?" என்று கேட்டாள் ஆரணி. அவள் பேசுவது ஆங்கிலம், தமிழில் தருகிறேன். "1707-இல் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்?"

"நாங்கள் ஒல்லாந்தருக்குக் கீழ இருந்தனாங்கள், பிள்ளை. ஒண்டும் நடந்திருக்காது."

மூன்றாம் நாள் நூலகத்திலிருந்து ஒரு கட்டு போட்டோப் பிரதியோடு வந்தாள். எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் எழுத்தில் வந்ததே அந்த வருடத்தில்தான்! சீதனம், முதுசம் என்கிற பரம்பரைச் சொத்து, காணி விற்பது, அடகு வைப்பது என்று எங்கள் வழக்கங்களையெல்லாம், அங்கே நெடுங்காலம் இருந்த ஓர் ஒல்லாந்த, அதாவது டச்சு, அதிகாரி எழுதியிருக்கிறார். பிறகு அதைத் தமிழாக்கி, பன்னிரண்டு முதலியார்களிடம் - அந்தக் காலத்து ஊர்த் தலைவர்கள் - வாசிக்கக் கொடுத்து, சரிதானா என்று கேட்டிருக்கிறார்கள். சரிதான் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கும் எங்கள் ஊர்க் காணி பூமிக்கு அதுதான் சட்டம். இந்த வருடத்தோடு சரியாக முந்நூறு வருடம்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. நகரத்தின் இந்தக் கோடி குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து அந்தக் கோடி ஹெலன்ஸ்பர்க் வரைக்கும் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் அடித்தேன்.

"இஞ்சரும், பிரைம் மினிஸ்டருக்கும் ஒருக்கா அடிச்சுச் சொல்லும்" என்றார் என் கணவர்.

அவருக்கு அடிக்கவில்லை. ரவிக்கு அடித்தேன்.

ரவி எங்கள் குடும்ப நண்பர். பதினைந்து வருடப் பழக்கம். ஆரணியை நெற்போல் விளையாட்டுக்கு ஏற்றி இறக்குவது அவர்தான். முதன்முதலில் சந்தித்தபோது, எங்கள் ஆட்கள் எல்லாரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்: "ஊரில எவடம்?" ஊரைச் சொன்னார். "அங்க எந்தக் கோயிலுக்குக் கிட்ட?" தான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். எங்கள் ஊர்களில் பள்ளிக்கூடமும் பாதி விடை சொல்லிவிடும். எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கியது. எதைச் சொல்ல விரும்பவில்லை என்று எனக்கும் விளங்கியது. அதோடு விட்டுவிட்டேன். நான் நாகரிகமானவள் இல்லையா... இரண்டு தரம்தானே கேட்டேன்!

"பிள்ளை பேசுறாள், கட்டாயம் வாரும்" என்றேன். "வராமலோ அக்கா" என்றார்.

அதற்கு அடுத்த நாள் ஆரணி ஏழாவது ஸ்லைடைக் காட்டினாள்.

அதே சட்டத்தில் அடிமைகள் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. யார் யாருக்கு அடிமை, அவர்களுடைய பிள்ளை யாருக்குச் சொந்தம் என்றெல்லாம். எந்தெந்தச் சாதி என்றும் இருக்கிறது. என் மகள் அதை அப்படியே, பெரிய எழுத்தில், சாதிப் பெயர்களோடு போட்டிருந்தாள்.

"இது வேண்டாம், குஞ்சு."

"ஏன்? இருக்கிறதுதானே?"

"வெள்ளைக்காரருக்கு முன்னால என்னத்துக்கு?"

"அவர்கள் செய்ததைப் பற்றி வகுப்பில் ஒவ்வொரு கிழமையும் பேசுகிறோம், அம்மா. நாங்கள் செய்ததை மட்டும் ஏன் பேசக்கூடாது?" ஸ்லைட் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் நெற்போலுக்குப் போயிருந்தாள். கொம்பியூட்டர் திறந்து கிடந்தது. நான் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள். வெட்டுவது எனக்குக் கைவந்த தொழில். ரவி வேறு வருகிறார்... அவருடைய மனம் நோகக் கூடாதல்லவா? இவ்வளவு நல்ல காரணங்களோடு யாராவது ஒரு பிழை செய்வதைக் கண்டிருக்கிறீர்களா? ஒரு பொத்தானை அமுக்கினேன். தேத்தண்ணீர் போடப் போனேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

ஆரணி அழகாகப் பேசினாள். பேரரசர், எரிமலை, கப்பல்... தேசவழமை வந்தபோது நான் ரவியின் பக்கம் திரும்பிப் பெருமையாகத் தலையாட்டினேன். அடுத்ததை அமுக்கினாள். 'நன்றி' என்று வந்தது. பின்னுக்குப் போனாள். முன்னுக்கு வந்தாள். திரும்பவும் 'நன்றி'.

பிறகு திரையை விட்டுவிட்டு, மூன்றாவது வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இதில் இன்னொரு ஸ்லைட் இருந்தது" என்றாள் சபைக்கு. "எங்கள் சட்டத்தில் அடிமைகள் பற்றி இருந்த பகுதி. அதை யாரோ எடுத்துவிட்டார்கள். 1707-இல், எழுதியது சரியென்று சொல்லப் பன்னிரண்டு ஆண்கள் தேவைப்பட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மா ஒருவரே போதும்."

மண்டபம் சிரித்தது. என் கணவரும் சிரித்தார் - அதை வேறாகப் பேசிக்கொள்வோம். ரவி மட்டும் சிரிக்கவில்லை. ஆரணி அந்த ஸ்லைடில் இருந்ததைத் தாளில்லாமல், வரிக்கு வரி சொல்லி முடித்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் ரவி எனக்குப் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, அந்தச் சிலைடை ஏன் எடுத்தனீங்கள்?"

"உமக்கு... கேக்க ஒரு மாதிரி இருக்குமெண்டு..."

"எனக்கு ஒரு மாதிரி இருக்குமெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் ஒருநாளும் சொல்லேல்லையே."

நான் கைப்பைக்குள் கார்ச் சாவியைத் தேடினேன்.

"பள்ளிக்கூடப் பேரைச் சொன்னதும் பிடிச்சிட்டியள், என்ன?" அவர் சிரித்தார், நல்ல சிரிப்புத்தான். "பதினைஞ்சு வருஷமா ரெண்டு பேரும் நல்லாத்தான் நடிச்சிருக்கிறம் அக்கா. உங்கட பிள்ளைதான் முதல் ஆள், பட்டெண்டு சொன்னது. அவளை ஏசிப்போடாதேங்கோ."

அவளை ஏசுவதா! அவள்தான் என்னோடு பேசவில்லை. நானும் அந்தக் கப்பல்காரர்கள் மாதிரித்தான்... எங்கே நிற்கிறேன் என்று நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நேரே பாறைக்கு வந்தவள்.

வியாழக்கிழமை புள்ளி வந்தது. வகுப்பில் முதலாவது. 'ஸ்லைட் காணாமல் போனதாக நடித்தது அருமையான உத்தி' என்று ரீச்சர் எழுதியிருந்தார். ஆரணி அதை மேசையில் எனக்கு நேரே வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை, அவள் இல்லாத நேரம், அழித்த ஸ்லைடைத் திரும்ப எடுத்து வைக்கலாம் என்று அவளுடைய கொம்பியூட்டரைத் திறந்தேன். நல்ல எண்ணத்தோடுதான் - இந்தமுறையும்! அது பாஸ்வேர்ட் கேட்டது. 1707 என்று அடித்தேன். இல்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. மறந்தவர்களுக்கு உதவிக் குறிப்பு. அமுக்கினேன்.

'அம்மா, வேண்டாம்.'

ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழில். செவ்வாய்க்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன முதல் வார்த்தைகள்.

மூடிவிட்டு, இருந்து, இந்தப் பத்தியை எழுதினேன். ரவிக்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன் - அவரைக் கேட்டுத்தான். அவளுக்குத் தமிழ் வாசிப்பு மெதுவென்பதால் முழுவதையும் நானே வாசித்துக் காட்டினேன். கதவடியில் நின்று கேட்டாள்.

"எதையாவது எடுக்கவோ, பிள்ளை? நீ சொல்லு, எடுக்கிறன்."

"ஒண்டையும் எடுக்க வேண்டாம், அம்மா" என்றாள்.

அதனால்தான் நீங்கள் இவ்வளவையும் வாசிக்க நேர்ந்தது.