விக்கல் விழும் ஹார்ன்

அந்தத் தெருக்களைக் காலையில் எழுப்புவது அலாரம் அல்ல, ரொட்டி அக்காவின் ஹார்ன். "பாம் பாம் பாஆஆம்... க்!"

கடைசியில் வரும் அந்த விக்கல்தான் விசேஷம். வேனின் ஜன்னலோரம் திருகி வைத்த பழைய பித்தளை ஹார்ன் அது. ரப்பர் பந்தில் ஒரு கிழிசல். அதன் மேல் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிய ஒட்டு. ஒட்டின் ஓரம் காற்று கசிய, விக்கல் பிறக்கும்.

ரொட்டி சுடுவது அவள் கணவர், விற்பது அவள். "அடுப்பை நான் பாத்துக்கறேன், ஊரை நீ பாத்துக்கோ" என்று கல்யாணமான புதிதிலேயே பாகம் பிரித்துவிட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவளுக்கு வாயோடு ஹார்னும் இருந்தது.

வினை இன்னொரு வேனில் வந்தது. புதிதாக முளைத்த ஒரு ரொட்டிக் கம்பெனி அவள் ஹார்ன் சத்தத்தைச் செல்போனில் பிடித்து, ஒலிபெருக்கியில் அலறவிட்டபடி அவளுக்கு முன்பே தெருவில் நுழைந்தது. ஜனங்கள் பையோடு ஓடி வந்தார்கள். ஆள் வேறு என்று அப்புறம்தான் தெரிந்தது. வந்தாயிற்று, வெறுங்கையோடு திரும்ப யாருக்கு மனம் வரும்? அவள் போய்ச் சேர்ந்தால், "இப்பதானே வாங்கினோம் அக்கா" என்றார்கள். சுட்டதில் பாதி ரொட்டி வேனிலேயே வீடு திரும்பியது. இப்படியே போனால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

வாடிக்கையாக ரொட்டி வாங்கும் வக்கீலம்மா வழி சொன்னாள். "பேரு, படம் மட்டும்தான்னு இல்லக்கா. இப்பல்லாம் சத்தத்தையும் டிரேட்மார்க்கா பதியலாம். கேட்டதும் இது உங்க ரொட்டின்னு ஜனங்களுக்குத் தெரியணும், அதான் முக்கியம். ஹார்னை ரெக்கார்ட் பண்ணிக் குடுங்க."

ரெக்கார்ட் செய்ய வந்தவன் கொழுந்தன். விளம்பரங்களுக்கு ஒலி சேர்ப்பது அவன் தொழில். அண்ணி என்றால் உயிர். அந்தப் பாசமே காலை வாரியது. அரசாங்கத்துக்குப் போகிற சத்தம் பளிச்சென்று இருக்க வேண்டாமா? கம்ப்யூட்டரில் உட்கார்ந்து விக்கலைத் துடைத்தெடுத்துவிட்டான்.

"கேளுங்க அண்ணி, கப்பல் கிளம்பற மாதிரி இருக்கு!"

"நல்லாத்தான் இருக்கு. ஆபீசர் முன்னாடி விக்கிக்கிட்டு நிக்க முடியுமா?" என்று அவளும் தலையாட்டினாள். சத்தத்தைக் கேட்காமலே வக்கீலம்மா அனுப்பிவிட்டாள்.

டிரேட்மார்க் ஆபீஸ் விசாரணை வீடியோவில் நடந்தது. தெருமுனையில் வேனை நிறுத்தி, ரொட்டித் தட்டில் செல்போனைச் சாய்த்து வைத்து, வக்கீலம்மாவும் அவளும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். திரையில் இருந்த அதிகாரி அம்மா ஒலியைப் போட்டார். பாம் பாம் பாஆஆம்.

"எல்லா ஹார்னும் இப்படித்தானேம்மா கத்துது? இதை உங்களுக்கு மட்டும்னு எப்படி எழுதிக் குடுக்கறது?"

வக்கீலம்மா சட்டப்பிரிவைத் தேடுவதற்குள் அக்கா பொறுமையிழந்தாள்.

"மேடம், அது என் சத்தமே இல்ல! என் கொழுந்தன் குளிப்பாட்டி பவுடர் போட்டு அனுப்பிட்டான். இதுதான் என்னுது!"

கையை நீட்டி ஓங்கி அமுக்கினாள். பாம் பாம் பாஆஆம்... க்!

அடுத்த நொடி கதவுகள் திறந்தன. ஒருவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்தார். ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். "என்னக்கா, இன்னிக்கு இந்த நேரத்துல?" "எனக்கு ரெண்டு!" ஜன்னல் முழுக்கத் தலைகள்.

"ஃபோன்ல யாரு?"

"ஆபீசரு. தள்ளி நில்லுங்க, மறைக்குது!"

"அவங்களுக்கும் ஒரு ரொட்டி குடுங்களேன்!"

வக்கீலம்மாவுக்குப் பொறி தட்டியது. சாட்சிக்குப் பிடித்து வைத்திருந்த கம்பெனி வேனின் சத்தத்தைத் தன் போனிலிருந்து ஒலிக்கவிட்டாள். அதிலும் கடைசியில் அதே 'க்'. "பாத்தீங்களா மேடம்? எதைத் திருடணும்னு திருடனுக்குத் தெரிஞ்சிருக்கு. இவங்க வீட்டு ஆளுக்குத்தான் தெரியல."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "ஏற்கெனவே அனுப்பினதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது, அதை மாத்தவும் முடியாது. இந்தச் சத்தத்தை அப்படியே பதிஞ்சு புதுசா விண்ணப்பம் போடுங்க. ரொட்டி வாங்க வந்த இவங்க வாக்குமூலத்தையும் சேத்துக் குடுங்க. அந்தக் கொழுந்தனைக் கிட்ட விடாதீங்க!"

புதிய விண்ணப்பம் கரை சேர்ந்தது. வக்கீலம்மாவின் நோட்டீஸ் போனதும் கம்பெனி வேன் ஹார்னை விட்டுவிட்டு மணியடிக்க ஆரம்பித்தது. தெருவில் யாரும் அதற்குத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அக்காவின் வேன் மறுபடி காலியாக வீடு திரும்பத் தொடங்கியது. அதைப் பார்த்துக் கணவர் மாவைக் கூட்டிப் பிசைந்தார்.

இப்போது வீட்டில் ஒரே ஒரு சண்டைதான். பந்தின் ஒட்டு தேய்ந்துவிட்டது. கணவர் திண்ணமாக ஒரு புது ஒட்டு போட்டு, பெருமையோடு அமுக்கிக் காட்டினார். பாம் பாம் பாஆஆம்.

"ஐயோ, கெடுத்தீங்களே! பிரிச்சுக் கொஞ்சம் மோசமா ஒட்டுங்க."

"ஆயுசுக்கும் நான் எதையும் மோசமா ஒட்டினதில்லடி."

"கத்துக்கோங்க. சட்டம் அப்படித்தான் சொல்லுது."

முணுமுணுத்துக்கொண்டே ஓரத்தை லேசாகக் கிளப்பிவிட்டு அமுக்கினார். "க்!"

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "அக்கா, ரொட்டி வந்துடுச்சா?"