பறக்கும் ஆமைக்கு ஒரே லேயர்

பூபாலனிடம் யாரோ சொன்னார்களாம். பூபாலன், தன்னைப் போலவே படம் போடும் ஜாஸ்லினிடம் சொன்னானாம். ஜாஸ்லின் மதியம் போனில் ரெனிதாவிடம் சொன்னாள்: லேயர் பிரிந்த ஃபைல் இல்லாத படத்தையெல்லாம் ‘ஏஐ மெஷின் போட்டது’ என்று புத்தகக் கம்பெனி ஒதுக்கப் போகிறதாம். போட்டவர்களுக்கு இனி வேலையும் கிடையாதாம்.

சும்மா கிளப்பிவிடுகிறார்கள் என்று நினைத்து ரெனிதா சாப்பிட உட்கார்ந்தாள். நாலு மணிக்கு, கம்பெனியில் படங்களைப் பார்த்து வாங்கும் சாவித்திரி மேடத்தின் மெயில் வந்தது. ஆமைப் படத்தின் லேயர் ஃபைல் ஆறு மணிக்குள் வேண்டும்.

காட்டுப்பாக்கம் மெயின் ரோட்டைப் பார்த்த இரண்டாம் மாடி வீட்டில், பதினொரு வருஷமாக மாயக்கதைப் புத்தகங்களுக்கு நிறம் போடுகிறாள் ரெனிதா. கடைசியாகப் போட்டது, முதுகில் ஓர் ஊரையே சுமந்து பறக்கும் ஆமை. கண்ணாடித் தாள்களை அடுக்குகிற மாதிரிதான் வேலை. அடியில் வெறும் நிறம், அதன்மேல் நிழல், அதன்மேல் முதுகில் படர்ந்த பாசி, பாசியின் மினுக்கம், எல்லாவற்றுக்கும் மேலே மேக மூட்டம். இருபது லேயரைத் தாண்டினால் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிடும். அதனால் ஒரு பகுதி முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து சேமித்துவிடுவாள். மிஞ்சியது ஒரே லேயர். பன்னிரண்டு நாள் உழைத்ததற்கு அதில் ஒரு சாட்சியும் இல்லை.

ஜாஸ்லினைக் கூப்பிட்டாள்.

“இன்னாடி, இதுக்குப் போயி பயந்துகினு கீறே? பாசிய வெட்டி ஒரு லேயர்ல போடு, மேகத்த வெட்டி இன்னொண்ணுல போடு. எவனுக்குத் தெரியப் போவுது?”

“வெட்டுனா அடியில வெள்ளையா நிக்கும்டி. பாசிக்குக் கீழ ஆமை முதுகு இருக்கணும்ல?”

“அப்ப வரைஞ்சு ரொப்பு. உனுக்கு வராததா?”

வரைந்து நிரப்பத் தொடங்கினாள். கை தானாக ஓடியது. நிஜமாகச் செய்த வேலையை, செய்ததாகக் காட்டுவதற்காக இன்னொரு முறை செய்துகொண்டிருக்கிறோம் என்று பாதியில் உறைத்தது. மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. சிரிக்கக்கூடத் தெம்பில்லை. ஐந்தே முக்காலுக்கு, வெட்டியது எதையும் சேமிக்காமல் ஃபைலை மூடினாள்.

சாவித்திரி மேடத்தின் எண்ணை அழுத்திவிட்டு, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ‘லேயர் இல்ல மேடம். சிஸ்டம் தாங்காது, சேர்த்துட்டேன். உங்க முன்னாடி உக்காந்து அந்த முதுக மறுபடி போட்டுக் காட்டுறேன்.’

கீழே ஒரு பூந்தமல்லி பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ரெனிதா ஜன்னலைச் சாத்திவிட்டு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.