உட்கார்ந்து பார்க்காதவர் செய்த நாற்காலி

சுடுநீர்த் தொட்டியின் வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தபோது முகாமையாளர் வந்து நின்றார். "ஸ்டெல்லா அக்கா போயிட்டாங்களாம். விடிய நெஞ்சு வலியாம்" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த மாதம் ஓய்வு பெற வேண்டியவர். அதற்குள் என்ன அவசரம்?

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கம் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பழைய துரை பங்களா இப்போது விடுதியாக இருக்கிறது. அங்கே அறைகளைக் கவனிக்கும் பெண்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். நான் அங்கே பழுதுபார்க்கும் தொழில்நுட்பவியலாளன். வேலைக்குச் சேர்ந்த அன்று, மின்குமிழ் மாற்ற விறாந்தையில் கிடந்த மர நாற்காலியில் ஏறினேன்.

"எறங்குங்க தம்பி! எங்கப்பா செஞ்சது அது" என்று ஓடி வந்தார் அக்கா.

இறங்கி, கவிழ்த்துப் பார்த்தேன். முத்திரை இல்லை, பெயர் இல்லை. "பேரு எங்க, அக்கா?"

"பேரு போட்டா தொரை சும்மா விட்டிருப்பாரா?"

அவருடைய அப்பா அந்தோணி, அந்தத் தோட்டத்தின் ஒரே தச்சர். ஒரு புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டி, இதேபோல் செய் என்று துரை சொன்னாராம். மனைவி இறந்தபின், இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களோடு அவரும் கப்பலேறினார். கைக்குழந்தையாக இருந்த அக்காவை அத்தையிடம் விட்டுப் போனவர் திரும்பவில்லை. நாற்காலியின் கதை அத்தை சொன்னதுதான். வேறு சாட்சி கிடையாது.

சென்ற வருடம் கொழும்பிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர், அது வெளிநாட்டுக் கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டார். அந்தக் கம்பெனியின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து மாட்ட முகாமையாளர் தயாரானார். அன்றைக்கு அக்கா துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா மொகமே தெரியாது தம்பி. ஒரு போட்டோ இல்ல. இருக்கிறது இது ஒண்ணுதான். அதையும் எவனோ பேருல எழுதுறாங்க."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "அழுதா ஆச்சா? பிடிங்க, திருப்புவோம்" என்றேன்.

அடியில் மெருகு படாத இடத்தைச் சுரண்டினேன். தேயிலைக்கு நிழலுக்காக நடுகிற, எங்கள் பக்கம் சவுக்கு என்கிற மரம். எந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு அது கிடைத்திருக்கும்? பிறகு இருக்கையின் மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. மேசைக்கு அது சரி, நாற்காலிக்குப் பிழை. இருக்கை பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். முகாமையாளரைக் கூப்பிட்டேன்.

"சேர், கொஞ்சம் உக்காருங்க" என்றேன் அவரிடம்.

உட்கார்ந்து சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் வழுக்கி விளிம்புக்கு வந்துவிட்டார்.

"தொரை காட்டினது முன்னாலிருந்து எடுத்த படமா இருந்திருக்கும்; அதுல இருக்கை பின்னால தாழ்ந்திருக்கிறது தெரியாது. உக்காந்து பாத்திருந்தா ஒடனே தெரிஞ்சிருக்கும். கம்பெனிக்காரன் உக்காந்து பாக்காம அனுப்புவானா? இத செஞ்சவருக்குத் தொரை நாற்காலியில உக்கார அனுமதி இல்ல சேர்."

முகாமையாளர் எழுந்தார். தகட்டில் அந்தோணி என்ற பெயர் ஏறியது.

அக்கா அந்த எழுத்துகளைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "உக்காருங்கக்கா" என்றேன். "டியூட்டி நேரத்துல பங்களா நாற்காலியிலயா? ரிட்டயராகுற அன்னைக்கு உக்கார்றேன். வழுக்கி விழுந்தா சிரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அந்த நாள் வரவில்லை.

அடக்கத்தன்று முகாமையாளர் தாமாகவே நாற்காலியை அக்கா குடியிருந்த லயத்து வீட்டுக்கு அனுப்பினார். வாசலில் போட்டு, அக்காவின் படத்தை அதில் சாய்த்து வைத்தோம். படம் மெல்ல வழுக்கி முன்னால் வந்தது. நிமிர்த்தினேன். மறுபடியும் வந்தது.

"முன்னங்காலுக்கு ஒரு கட்டைய வைங்க தம்பி, சரியாயிரும்" என்றார் ஒருவர்.

"வேணாம். நான் பிடிச்சுக்கிறேன்."

ஜெபம் முடியும்வரை படத்தைப் பிடித்தபடி நின்றேன். நான் சிரிக்கவில்லை அக்கா. போய் வாருங்கள்.