வெளியே வராத படிக்கட்டு

ஆபீசுக்குப் புதிதாக வருகிறவர்கள், கொடி என்பது அவளுடைய சொந்தப் பெயர் என்றே நினைத்துக்கொள்வார்கள். பூங்கொடி, தேன்கொடி மாதிரி ஏதோ ஒன்றைச் சுருக்கிக் கூப்பிடுகிறார்கள் என்று. அப்படியில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. கொடி என்ற பெயர் ஒரு படிக்கட்டால் வந்தது.

அவளுடைய வேலை இரும்பை ஒட்டுவது. நிஜ இரும்பை அல்ல, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற இரும்பை. ஒரு கட்டடத்துக்கு வேண்டிய தூண், உத்தரம், தகடு எல்லாவற்றையும் திரையில் அதனதன் இடத்தில் நிறுத்தி, எது எதோடு எங்கே வெல்டிங் ஆகவேண்டும் என்று மவுசால் தொட்டுக் காட்டவேண்டும். முதலில் பெரிய துண்டைத் தொடவேண்டும், பிறகு சின்னதை. வரிசை மாறிவிட்டால் அந்தச் சாஃப்ட்வேர், உள்ளங்கையளவு தகட்டை வீட்டுக்குச் சொந்தக்காரராகவும் ஆள் உயரத் தூணை அதில் குடியிருக்க வந்தவராகவும் எடுத்துக்கொள்ளும். படத்திலும் அப்படியே எழுதிவிடும். அதற்கு வெட்கம், மானம் எதுவும் கிடையாது.

இந்த வேலையை மாமியாருக்கு விளக்க அவள் கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவழித்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட மாமியார், மறுநாள் தெருவில் போய், "என் மருமக வெல்டிங் பண்றா" என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் கைப்பிடி போன வாளியோடு வாசலில் நிற்பது வழக்கமாகிவிட்டது.

"நான் கம்ப்யூட்டர்லதான் சார் பண்ணுவேன்" என்பாள் அவள்.

"பரவாயில்லம்மா, அவசரம் இல்ல. மெதுவா பண்ணி வைங்க, ரெண்டு நாள் கழிச்சு வந்து வாங்கிக்கறேன்."

உண்மை என்னவென்றால், அத்தனை வருஷ வேலையில் அவள் வெல்டிங்கைக் கிட்டத்தில் நின்று பார்த்ததே இல்லை. தெருவோரப் பட்டறையைத் தாண்டும்போது, கண்ணுக்குக் கெடுதல் என்று துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போகிற ஆள் அவள்.

அப்போது ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடிப்படி வேலை வந்தது. கீழ் வரிசைப் படிகள், நடுவில் திரும்புவதற்கு ஒரு மேடை, அங்கிருந்து மேல் வரிசைப் படிகள். மூன்று துண்டு. பட்டறையில் மூன்றையும் தனித்தனியாகச் செய்து, லாரியில் ஏற்றிப்போய், ஆஸ்பத்திரியில் வைத்து ஒட்டவேண்டும். சாஃப்ட்வேரில் ஒவ்வொரு வெல்டிங்குக்கும் ஒரு கேள்வி உண்டு: இது பட்டறையிலா, கட்டடத்திலா? கட்டடத்தில் என்று சொன்னால் படத்தில் அந்த இடத்தில், கம்பத்தில் பறக்கிற மாதிரி, ஒரு குட்டிக் கொடி முளைக்கும். பட்டறையில் என்றால் கொடி கிடையாது. ஒட்டின எல்லாம் ஒரே சாமான் என்று அது முடிவு செய்துகொள்ளும்.

கேள்வி கேட்கிற அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட பழக்கம். போன தடவை என்ன சொன்னோமோ அதையே இந்தத் தடவையும் எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கும். அவள் கைப்பிடிக் கம்பிகளை எல்லாம் ஒட்டி முடித்திருந்தாள். அதெல்லாம் பட்டறை வேலை. அதே வேகத்தில் மேடையையும் படிகளையும் தொட்டாள். பெட்டி "பட்டறை" என்றது. அவளும் சரி என்றாள்.

மூன்று படமாக வரவேண்டியது ஒரே படமாக வந்தது. சரிபார்க்கிற சீஃப் எஞ்சினீயர் அளவுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. "படம் கம்மியா இருக்கே, நல்லாயிருக்கு. பேப்பர் மிச்சம்" என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சில வாரம் கழித்து, டீ இடைவேளையில், பட்டறை ஃபோர்மேன் கூப்பிட்டார். இரைச்சலிலேயே வாழ்ந்த மனிதர். போனிலும் இரைச்சலுக்கு மேலேதான் பேசுவார்.

"மேடம், உங்க படிக்கட்டு ரெடி!"

"ரொம்ப சந்தோஷம் சார்."

"வெளிய வர மாட்டேங்குது!"

"எது?"

"படிக்கட்டுதான். நேரா தூக்கினா கூரை இடிக்குது, படுக்க வச்சா கதவு இடிக்குது, சாய்ச்சா ரெண்டும் இடிக்குது!"

அவள் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு மாடலைத் திறந்தாள். அந்த இடத்தைத் தொட்டாள். படிக்கட்டு முழுக்க, மேலிருந்து கீழ்வரை, ஒரே நிறத்தில் பளிச்சென்று மின்னியது. மூன்றையும் ஒரே சாமானாக ஒட்டியிருந்தாள்.

சீஃபிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். "பட்டறைக்காரங்களாவது கேட்டிருக்கலாமே?" என்றார். பிறகு தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை அத்தோடு விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே புருஷனுடைய தையல் கடைக்குப் போனாள். அவன் மெஷினை நிறுத்தாமலே கேட்டான். பாதியில் நிறுத்தினான். பிறகு சிரித்தான்.

"சிரிக்காதீங்க. எனக்கு அழுகை வருது."

"நான் ஒரு தடவை பேன்ட்டுக்கு ரெண்டு காலையும் சேர்த்து ஒண்ணா அடிச்சிட்டேன். பாவாடை மாதிரி ஆயிடுச்சு. பிரிச்சு மறுபடி தைச்சேன். அவ்வளவுதான்."

"இது இரும்புங்க."

"இரும்புக்கும் பிரிக்கிற கத்தரி இருக்கும். போய்க் கேளு."

வீட்டில் மாமியார் வேறு வழி சொன்னார். "எதுக்கு இவ்வளவு யோசனை? கதவைக் கழட்டிடச் சொல்லு. நம்ம பீரோ வந்தப்ப அப்படித்தானே உள்ள கொண்டு வந்தோம்?"

"கதவைக் கழட்டிப் பாத்தாச்சு அத்தை. சுவரு இடிக்குது."

"அப்ப சுவரையும் கழட்டட்டும்."

பட்டறை முதலாளிக்கும் இதே யோசனையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஒரு படிக்கட்டு செய்யறதுக்கு ஒரு கட்டடத்தை இடிக்கணுமா?" என்று அவர் கத்தினது ஆபீஸ் போனில் பக்கத்து மேஜை வரைக்கும் கேட்டது.

மறுநாள் அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டாள். திரையில் விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்த சாமான், நிஜத்தில் கூரையைத் தொடுகிற மாதிரி, எந்த மாடிக்கும் போகாமல் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் அது பட்டறையில் ஒரு ஆளாகிவிட்டிருந்தது. கைப்பிடியில் சட்டைகள் காய்ந்தன. மேடையில் ஒருவர் சாப்பாட்டுக்குப் பிறகான தூக்கத்தில் இருந்தார். மேல்படியில் ஒருவர் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறதாம்.

ஃபோர்மேன் வந்தார். குரலுக்கு ஏற்ற உடம்பு இல்லை. ஒல்லியாக, சின்னதாக இருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார். தப்பு என்னோடது" என்றாள்.

"இல்ல மேடம், எனக்கும் செய்யும்போதே சந்தேகம் வந்துச்சு. ஆனா நீங்க யோசிக்காமலா போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"எங்க சீஃப், நீங்க யோசிக்காமலா செஞ்சிருப்பீங்கன்னு நினைச்சாரு."

"ஆக மொத்தம் யாரும் யோசிக்கல" என்றார் ஃபோர்மேன். பிறகு படிக்கட்டைத் தட்டிக்கொடுத்தார். "ஆனா பாருங்க, ஒரு கோணல் இருக்கா? இவ்வளவு பெருசா ஒரே துண்டா நான் இதுவரைக்கும் செஞ்சதே இல்ல. வெட்ட மனசே வரல."

எங்கே வெட்டுவது என்பதில் சண்டை ஆரம்பித்தது. மேடை ஓரத்தில் வெட்டலாம் என்றார் அவர். ஆஸ்பத்திரியில் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சுவர், திரும்ப ஒட்டுகிறவருக்குக் கை நுழையாது என்றாள் அவள். இரண்டு படி மேலே வெட்டலாம் என்றாள். அங்கே அடியில் தகடு குறுக்கே வருகிறது, வெட்டுகிறவருக்குக் கை நுழையாது என்றார் அவர். சாக்பீஸால் அவர் ஒரு கோடு போட, இவள் அழித்துவிட்டு இன்னொரு கோடு போட, மேடையில் தூங்கினவர் எழுந்து, "கொஞ்சம் மெதுவா பேசறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் படுத்தார். கடைசியில் இரண்டு பேருக்குமே பிடிக்காத ஒரு மூன்றாவது இடம் கிடைத்தது. இரண்டு கைகளும் நுழைகிற இடம் அது ஒன்றுதான்.

அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, முதலில் திரையில் வெட்டினாள். இந்தத் தடவை பெட்டி கேட்டபோது, "கட்டடத்தில்" என்று நிதானமாக, இரண்டு முறை படித்துப் பார்த்துச் சொன்னாள். குட்டிக் கொடி முளைத்தது. ஃபோர்மேன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு லேசா வெட்டுறீங்க. சத்தமே வரல."

அவர் ஆட்கள் வெட்டும்போது சத்தம் மட்டுமா வந்தது? பொறி மழை. அவள் துப்பட்டாவைத் தேடினாள். ஃபோர்மேன் ஒரு முகமூடியை அவள் தலையில் கவிழ்த்தார். கறுப்புக் கண்ணாடி வழியாக அந்த வெளிச்சத்தை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

வேலை முடிந்ததும், "நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்க மேடம்" என்று இரண்டு பழைய தகடுகளை வைத்துக் கையில் வெல்டிங் கம்பியைக் கொடுத்தார். அவள் தொட்டாள். கம்பி தகட்டோடு அப்படியே பிடித்துக்கொண்டது. இழுத்தால் தகடும் கூடவே வந்தது.

"சார், ஒட்டிக்கிச்சு!"

"வெல்டிங்னா ஒட்டத்தான் செய்யும் மேடம். ஆனா தகடுதான் ஒட்டணும், கம்பி ஒட்டக் கூடாது."

நாலைந்து தடவை பிடித்து இழுத்து, ஒருவழியாக ஒரு கோடு விழுந்தது. கோழி கிளறின மாதிரி இருந்தது. "முதல் தடவைக்கு..." என்று ஆரம்பித்த ஃபோர்மேன், பொய் சொல்ல வராமல், யாரையோ கூப்பிடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு முதுகு வலித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. திரையில் தான் ஒரு சொடுக்கில் போட்டுவிட்டுப் போகிற ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் இப்படிக் குனிந்திருப்பார் என்று நினைத்தபோது, பழைய மாடல்கள் எல்லாம் ஒரு நிமிஷம் கண்முன் வந்து போயின.

ஆபீசுக்குத் திரும்பினவளைப் பயம் பிடித்துக்கொண்டது. கொஞ்ச காலம் எதைத் தொட்டாலும் "கட்டடத்தில்" என்றே போட்டாள். தூணின் அடித்தகட்டுக்குக் கொடி. கொக்கிக்குக் கொடி. ஒரு ஜன்னல் சட்டத்தின் நாலு மூலைக்கும் நாலு கொடி. சீஃப் படத்தை விரித்துவிட்டு, "என்னம்மா இது, கட்சி ஊர்வலமா?" என்றார். அறையே சிரித்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான். பயம் போய்விட்டது, பெயர் போகவில்லை.

படிக்கட்டு இரண்டு துண்டாக லாரி ஏறிப்போய், ஆஸ்பத்திரியில் ஒட்டி, பெயின்ட் அடித்தாகிவிட்டது. கேள்விப்பட்டதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் அரை நாள் லீவு சொன்னாள்.

"பல்லு வலியா?" என்று கேட்டான் புருஷன்.

"இல்ல. படிக்கட்டைப் பாக்கணும்."

தான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறவனைத் தெருமுனை வரைக்கும் பார்க்கிற வழக்கம் அவனுக்கும் உண்டு.

அவள் கீழ் வரிசையில் ஏறினாள். ஒட்டு எங்கே இருக்கும் என்று தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தாள். குனிந்தாள். பக்கவாட்டுத் தகட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். பின்னால் ஏறி வந்த ஒரு பெரியவர், கன்னம் வீங்கி, கைக்குட்டையால் தாங்கிப் பிடித்திருந்தவர், நின்றார்.

"என்னம்மா தேடுற? தோடு விழுந்துடுச்சா?"

அவள் பதில் யோசிப்பதற்குள் அவரும் முட்டி போட்டுத் தேட ஆரம்பித்தார். மேலேயிருந்து இறங்கின நர்ஸ், "என்ன தோடு? கல்லு வச்சதா?" என்று தானும் குனிந்தாள். மூன்று பேரும் படிக்கட்டை அடைத்துக்கொண்டு தேடினார்கள்.

பெயின்ட்டுக்கு அடியில், அரிசி மணி அளவுக்குக்கூட இல்லாத ஒரு மேடு விரலில் தட்டுப்பட்டது.

"கிடைச்சிடுச்சு!" என்று கத்திவிட்டாள்.

பெரியவர் அவளுடைய வெறுங்கையைப் பார்த்தார். இரண்டு காதிலும் இருந்த தோடுகளைப் பார்த்தார். கன்னத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கிடைச்சிடுச்சா? சந்தோஷம். கொஞ்சம் வழி விடு தாயி, எனக்கு உயிர் போகுது."

அவள் கைப்பிடியோரமாக ஒதுங்கி நின்றாள். அவர் அந்த ஒட்டைத் தாண்டி, ஒவ்வொரு படியிலும் முனகிக்கொண்டே, மேலே ஏறிப் போனார்.